ஆறு இருக்கை விமானமும் வெங்காயத் தராசும்

கனடாவில் இருக்கும் என் தம்பி விமானம் வாங்கப்போகும் செய்தியைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் அவனுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"பாவிச்ச பழைய பிளேன் அக்கா. ஆறு பேர் இருக்கலாம். நல்ல நிலையிலை இருக்கு."

எங்கள் பக்கத்தில் பாவித்த வாகனம் என்றால் மோட்டார் சைக்கிள். மிஞ்சிப்போனால் ஓர் ஓட்டோ. பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் பகிடி விடவில்லை. அங்கே ஒரு சின்ன விமானத்திடலில் சிறிய விமானங்களைத் திருத்துவதுதான் அவன் தொழில். திருத்தித் திருத்தி ஓட்டவும் படித்து உரிமமும் எடுத்துவிட்டான். மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வேலையால் நின்று ஓய்வெடுக்கிற வயதும் வந்துவிட்டது. வீட்டை விற்று, அந்த விமானத்தை வாங்கி, ஊருக்கு வந்து, பலாலி விமான நிலையத்தில் அதை நிறுத்தி, கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு இருக்கலாம் என்பது அவனுடைய திட்டம். இவ்வளவையும் அவன் விளக்கி முடித்தபோது, 'ஊருக்கு வந்து' என்பதைத் தவிர வேறொன்றும் என் மனதில் நிற்கவில்லை.

ஆகவே அந்த நிமிடமே நான் விமானத்தின் கட்சிக்குப் போய்விட்டேன். இத்தனைக்கும் எனக்கு விமானம் என்றால் இன்றைக்கும் பயம். சண்டைக் காலத்தில் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் ஓடுவோம். நான் அவனுடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பேன். அவனோ கழுத்தை வெளியே நீட்டி அண்ணாந்து பார்ப்பான். குண்டு போடுகிற விமானத்தையும் வாயைத் திறந்து பார்த்த பிள்ளை அவன்.

எதிர்க்கட்சி என்னுடைய கணவர். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். எதையும் விற்பவன் ஏன் விற்கிறான் என்று கேட்காமல் அவர் வாங்கமாட்டார்.

"ஏன் விக்கிறாங்களாம்?" என்று தொலைபேசியை வாங்கிக் கேட்டார்.

"சொந்தக்காரருக்கு வயசு போயிட்டுது அத்தான். கொஞ்சக் காலமா ஓடாமல் நிக்குது."

"ஓடின வாகனத்தை நம்பலாம். நிண்ட வாகனத்தை நம்பேலாது தம்பி."

தம்பி அதை ஒப்புக்கொண்டான். நிற்கிற விமானத்துக்குள்தான் துரு பிடிக்குமாம். எத்தனை மைல் ஓடியது என்று அடுத்த கேள்வி போனது. விமானத்துக்கு மைல் கணக்கு இல்லை, மணித்தியாலக் கணக்குத்தான் என்றான் அவன்.

"அப்ப எங்கடை இறைக்கிற மிசின் மாதிரி," என்று இவர் திருப்திப்பட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதற்கும் மணித்தியாலம்தானே கணக்கு.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில் விமானம் பற்றித்தான் கதை. ரயிலில் ஒரு பகல் முழுக்கக் குந்தியிருக்கிற கொழும்புப் பயணம் காலைத் தேத்தண்ணிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிந்துவிடும் என்று நான் சொல்வேன். கடற்காற்று வீட்டுக் கதவின் இரும்புப் பிணைச்சலையே தின்கிறது, விமானத்தை விடுமா என்று இவர் கேட்பார். வருத்தக்காரரை அவசரத்துக்கு ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போகலாம் என்பேன். அதற்கு ஊற்றுகிற பெற்றோல் இங்கே எந்த எண்ணெய்ச் செட்டில் விற்கிறார்கள் என்பார். ஒற்றை இயந்திரம் நடுவானில் நின்றால் என்ன செய்வது என்று அவர் கேட்ட அன்று மட்டும் நான் எழும்பிப் போய்க் கறியைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு தம்பி சொன்னான்: "அக்கா, சும்மா ஒரு கணக்குப் பாப்பம். உங்களை எல்லாம் ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போறதெண்டு வை. ஒவ்வொருத்தரின்ரை நிறையும் வேணும். கொண்டு போற சாமானோடை நிறுத்துச் சொல்லு."

வெங்காயம் நிறுக்கும் பெரிய தராசு கொட்டிலில் இருந்தது. வீட்டில் எல்லாரையும் அங்கே கூப்பிட்டேன். எங்களுடன் இருக்கும் இவருடைய தமக்கை, என் மச்சாள், முதலில் மறுத்தார்.

"நான் என்ன வெங்காயமே?"

பிளேனில் போவதற்கு என்று சொன்னதும் உள்ளே போய், நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து ஏறினார். மகள், மருமகன், பேத்தி, இவர், நான் என்று வரிசையாக ஏறி இறங்கினோம். பிறகு சாமான். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லையே. ஒடியல் மா, மிளகாய்த் தூள், வடகம், ஓர் ஓலைக் கடகம் நிறைய மாம்பழம் எல்லாம் தராசில் ஏறின. சாமான் மருமகனைவிடப் பாரமாக இருந்தது. அன்று கொட்டிலில் எழுந்த சிரிப்பு ஒழுங்கை முனைக்கே கேட்டிருக்கும்.

தம்பியை அழைத்து ஒவ்வொருவருடைய நிறையாக வாசித்தேன். அவன் குறித்துக்கொண்டே வந்தான். முடிந்ததும் பேர்களைத் திரும்ப எண்ணினான்.

"ஆறு பேர் சொல்லியிருக்கிறாய் அக்கா."

"ஓம். ஆறு இருக்கைதானே."

"பிளேனை ஆர் ஓட்டுறது?"

"நீதான்."

"அப்ப என்னை எங்கை இருத்தப்போறாய்?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாங்கள் சந்நிதி கோயிலுக்கு வாடகைக்கு வான் பிடித்தால் ஆட்களைத்தான் எண்ணுவோம். ஓட்டுகிறவரை யார் எண்ணுகிறார்கள்? அப்படித்தான் எண்ணிவிட்டேன் என்று சொன்னேன். "விளங்குது அக்கா. பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டான். அவனுடைய சிரிப்பு மற்றவர்களுடையதற்கு முன்பே நின்றுவிட்டதை நான் கவனித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோயில் வான் கதை உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கும்போதும், பந்திக்கு இலை போடும்போதும், எத்தனையோ காலமாக நான் அவனை விட்டுத்தான் எண்ணி வந்திருக்கிறேன். அன்பில்லாமல் இல்லை. வராத ஒருவனுக்கு நெடுக இலை போட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட முடியாது. அதனால் பழகிக்கொண்டேன். அது அவனுக்குத் தெரியவந்த விதத்தை நினைக்க எனக்கு நெஞ்சு வெந்தது. அவன் வராமலே விட்டுவிடுவான் என்று பயந்தேன்.

மூன்றாம் ஞாயிறு நானே அழைத்தேன்.

"பிளேனை விட்டிட்டன் அக்கா," என்றான். "அத்தான் சொன்னது சரி. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, உப்புக் காத்து. ஆறு பேரையும் ஏத்தினால் பெற்றோல் தாங்கி நிறைய ஊத்தவும் ஏலாது, பாரம் கூடிப்போம். பேருக்குத்தான் ஆறு இருக்கை."

"அப்ப நீ வாறது?"

"பிளேனும் இல்லாமல் அங்கை வந்து நான் என்ன செய்யிறது? உங்களுக்கு ஒரு வீடு ஓடிக்கொண்டிருக்கு. நான் நடுவிலை வந்து விருந்தாளி மாதிரி குந்தியிருக்கிறதோ?"

பக்கத்தில் வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்த கணவர் கத்தியை வைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார்.

"தம்பி, இஞ்சை எங்கடை இறைக்கிற மிசின் பழுதாய்ப் போச்சு. வாறவங்கள் எல்லாம் பாத்திட்டுத் தலையைச் சொறிஞ்சுகொண்டு போறாங்கள். பயிர் வாடுது. நீர் ஒருக்கால் வந்து பாத்தால் நல்லது."

அந்த மிசின் அன்று காலையும் ஒரு குறையும் இல்லாமல் இறைத்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்று இத்தனை வருடமாக அவரை நினைத்திருந்தேன்.

தம்பி வந்தான். மற்றவர்கள் ஓட்டிய விமானங்களில், சென்னைக்கு வந்து அங்கிருந்து பலாலிக்கு. வந்த மறுநாள் விடியவே திருத்துகிற ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். கணவரும் பின்னால் போனார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். மிசினைப் பழுதாக்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

தம்பி கயிற்றை ஒரு தரம் இழுத்தான். மிசின் உடனே பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அவன் தலையைச் சரித்து அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். கணவர் வெங்காயப் பாத்தியை வெகு மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி மிசினை நிறுத்தினான். சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து, பையிலிருந்து ஒரு ஸ்பானர் சாவியை எடுத்து முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான்.

"பழுதுதான் அத்தான்," என்றான். "கனநாள் எடுக்கும்."

"அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாய்ப் பாரும்," என்றார் இவர்.

நான் உள்ளே போய் ஏழு பேருக்கு உலை வைத்தேன்.