படத்தில் மட்டும் இருந்த குரல்

சந்தை நாள் காலையில் கலீல் பாயின் கடை வாசலில் நாலைந்து மலைக்காரர்கள் புளி மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடை பூட்டியிருந்தது. மூச்சுத் திணறல் அதிகமாகி அவரை முந்தின வாரமே வாணியம்பாடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இதற்குள் திரும்பியிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் சுமை இறக்கியிருந்தார்கள். எதிரே வனத்துறை அலுவலகத்துக்குள் நுழையப்போன என்னை லாரி ஓட்டுநர் தங்கவேலு கூப்பிட்டார்.

“சார், பாய் போய்ட்டாருங்க. நேத்து மத்தியானம். அடக்கமும் ஆய்டுச்சு.”

“இன்னாடா சொல்றே? என் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றேன்னாரே!” என்றார் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர். யாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை.

ஜமுனாமரத்தூரில் கலீல் பாயைப் புளியும் சாமையும் வாங்கும் வியாபாரியாகத்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு சினிமாப் பாட்டைப் பாடியவர் என்பது அடுத்த வீட்டுக்காரனான எனக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டுமே தெரியும். அதனால், அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுகிற நான் இதை எழுதுகிறேன்.

அவருடைய தகப்பனார் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்தவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில், இளைஞராக இருந்த கலீல் பாய் தோல் கட்டுகளுடன் சென்னைக்குப் போய் வருவார். பெரியமேட்டில் தங்கும் விடுதியில் மாலை வேளைகளில் அவர் பாடுவது வழக்கம். அங்கே தங்கியிருந்த வயலின்காரர் ஒருவர் அதைக் கேட்டு, தாம் வேலை பார்த்த இசையமைப்பாளரிடம் சொல்லி வைத்தார். ஒரு படத்துக்குப் பாட வேண்டிய பிரபலப் பாடகர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, படப்பிடிப்பைத் தள்ளிப்போட முடியாத நிலையில், கலீல் பாயை வரச் சொன்னார்கள். ஓடக்காரன் ஒருவன் பாடும் பாட்டு அது. “கரை சேர்ந்த பின்னும் ஓடத்தைக் கட்டலையே” என்று தொடங்கும். இந்த ஒரு வரியை மட்டும் அவர் எனக்குப் பேச்சாகச் சொல்லியிருக்கிறார், பாடியதில்லை.

படம் வெளிவந்தபோது திரையில் ஒலித்தது அவர் குரல். ஆனால் இசைத்தட்டு வந்தபோது அதில் இருந்தது பிரபலப் பாடகரின் குரல். அவர் குணமாகி வந்ததும், தட்டுக்காக அதே பாட்டைத் தனியாகப் பாட வைத்துப் பதிந்திருந்தார்கள். அந்த நாளில் இப்படி நடப்பது புதிதில்லை. தட்டில் பெரிய பெயர் இருந்தால்தான் விற்கும். வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் சில காலம் ஒலித்தது அந்தத் தட்டுதான். பிறகு அதுவும் மறைந்துபோயிற்று.

கலீல் பாய் நியாயம் கேட்கப் போனார். இசையமைப்பாளர் அவரைத் தோளில் தட்டி, “படத்துல உன் குரல்தான்யா இருக்கு. அதை யாராலும் எடுக்க முடியாது” என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது கலீல் பாயின் முகத்தில் கோபமே இருக்காது. அந்த வார்த்தையை அவர் முழுக்க நம்பியிருந்தார்.

இரண்டாவது பாட்டு வரவில்லை. ஊரில் அவரை மூச்சிழுப்பு நோய் பிடித்துக்கொண்டது. குரல் கரகரத்துப் போயிற்று. மலைக்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதால் ஜவ்வாது மலைக்கு வந்து கடை வைத்தார். கொஞ்ச நாளில் மெஹ்ரூன் அம்மாவை மணந்து அழைத்து வந்தார். அந்த அம்மையார் அதுவரை சினிமா பார்த்ததே இல்லை. கணவர் பாடிய பாட்டைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்டபோதெல்லாம் கலீல் பாய் மறுத்துவிடுவார்.

“இப்ப கீற கொரலு அது இல்ல சார். இதைக் கேட்டுட்டு, அதுவும் இப்டித்தான் இருந்துருக்கும்னு நெனச்சிப்பா. என்னிக்காவது படம் வரும். அப்ப கேக்கட்டும்” என்பார் என்னிடம்.

படம் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், படவேட்டில் போட்டிருந்த டூரிங் கொட்டகைக்கு அது வந்திருப்பதாகத் தங்கவேலு சேதி கொண்டுவந்தார். கலீல் பாய்க்கு அந்த வாரம் இழுப்பு கடுமையாக இருந்தது. பீடிப் புகை நிறைந்த கொட்டகையில் அவரால் உட்கார முடியாது. “நீங்க கூட்டிக்கினு போங்க சார். அவ கேட்டா போதும்” என்றார். நானும் என் மனைவி சரோஜாவும் மெஹ்ரூன் அம்மாவை அழைத்துக்கொண்டு தங்கவேலுவின் லாரியில் மலையிறங்கினோம். படவேட்டில் சரோஜாவின் தங்கை வீட்டில் தங்க ஏற்பாடு.

மாலைக் காட்சி. பெண்கள் பக்கத்தில் மணல் தரையில் அவர்கள் இருவரும், தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். ஆறு வந்தது. ஓடம் வந்தது. ஓடக்காரன் துடுப்பைக் கையில் எடுத்து வாயைத் திறந்தான். திரை ஒருமுறை துள்ளியது. அடுத்த காட்சியில் கதாநாயகி வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

காட்சி முடிந்ததும் படம் ஓட்டுபவரிடம் போய்க் கேட்டேன்.

“அந்தப் பாட்டா சார்? பிரிண்ட்டு ரொம்பப் பழசு. அந்த எடத்துல பிஞ்சி பிஞ்சி நின்னுச்சாம். முந்தின ஊர்லயே வெட்டி ஒட்டிட்டாங்க. பாட்டு வந்தா சனங்க வெளிய எழுந்து போய்டறாங்க. யாருமே வந்து கேக்கல, நீங்கதான் கேக்கறீங்க.”

மறுநாள் மலையேறும்போது மெஹ்ரூன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவருகிட்ட இன்னா சொல்றது அண்ணா?”

“உள்ளதைச் சொல்லிடலாம்மா” என்றேன்.

கலீல் பாய் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாலை முனையிலேயே நின்றிருந்தார். லாரி நிற்பதற்குள், “கேட்டியா?” என்றார்.

மெஹ்ரூன் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். “கேட்டேன்.”

“கடேசி அடில கொரல் கொஞ்சம் பிசிறடிச்சிருக்குமே?”

“எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருந்துச்சு.”

கலீல் பாய் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. “போதும் சார். என் வூட்டுக்காரி கேட்டுட்டா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் மறுபடி இந்தப் பக்கம் வரவில்லை. பாட்டைப் பற்றி அவரும் பேசுவதை விட்டுவிட்டார். ஒரு கடமை முடிந்த மனிதரின் நிம்மதி அவரிடம் இருந்தது. கடையைப் பார்த்தார், மலைக்காரர்களின் நல்லது கெட்டதுகளுக்குத் தவறாமல் போனார், இருமிக்கொண்டே எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

சேதி வந்த அன்றே நானும் சரோஜாவும் வாணியம்பாடிக்குப் போனோம். மெஹ்ரூன் அம்மா, கணவரை இழந்தவர்கள் துக்கம் காக்கும் முறைப்படி உள்ளறையில் திரைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். சரோஜா உள்ளே போனாள். நான் கூடத்தில் இருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு அந்த அம்மையாரின் குரல் கேட்டது. சரோஜாவிடம் பேசினாலும் எனக்கும் கேட்க வேண்டும் என்றே பேசினார்.

“அன்னிக்கி நாம படவேட்டுக்குக் கெளம்பறப்ப ஒரு வார்த்தை சொன்னாரு அக்கா. ‘ஒருவேளை பாட்டு சரியா கேக்கலன்னா வந்து சொல்லு. இந்தத் தொண்டையை வச்சிக்கினு எப்டியாவது நானே பாடிக் காட்டறேன்’னாரு. வந்து எறங்கினா, அவரு நிக்கற நெலைய பாத்ததும் வெட்டிட்டாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கேட்டேன்னு சொல்லிட்டேன். கேக்கலன்னு சொல்லியிருந்தா பாடியிருப்பாரு. எனக்குக் கெடைக்க வேண்டியதை நானே வேணாம்னு சொல்லிட்டேன்.”

பிறகு, “அண்ணா எழுதறதுன்னா எழுதட்டும். இனி அவருக்கு மனசு நோவாது” என்றார்.

மறுநாள் காலை கலீல் பாயின் மைத்துனர் என்னை அடக்கத்தலத்துக்கு அழைத்துப் போனார். தோல் கிடங்குகளின் வாடை அங்கு வரையில் வீசியது. புதுமண்மேல் அன்று காலை தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. தலைமாட்டில் யாரோ ஒரு பச்சைக் கிளையை ஊன்றியிருந்தார்கள். பெயர்க்கல் இல்லை. அந்த மனிதர் கைகளை ஏந்தி முணுமுணுத்துப் பிரார்த்தனை செய்து முடிக்கும்வரை நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

கலீல் பாய், உங்கள் இருமலை எங்கள் சுவர் வழியாக எத்தனையோ காலம் கேட்டிருக்கிறோம். பாட்டைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. மூச்சு முட்டாத இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே பாடுங்கள்.