ஒரு டம்ளர் நாகம்மை

“நாக்க நீட்டு மக்கா.”

எதிரே நிற்பவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாலும் சரி, சந்தையில் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் சரி, நாகம்மையின் முன்னால் நாக்கை நீட்டித்தான் ஆக வேண்டும். குனிந்து பார்ப்பாள். நாக்கு வறண்டிருந்தால் பக்கத்திலிருக்கும் மண்பானையைக் கைகாட்டுவாள். “மொதல்ல வெள்ளம் குடி. வேர்வ ஆறட்டும். பொறவு பால் தாறேன்.”

கொட்டாரம் சந்தைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த கசரத்துக் கொட்டகை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு உள்ளே இருபது பேர் தண்டால் எடுப்பதும் பஸ்கி போடுவதும் கர்லாக்கட்டை சுற்றுவதுமாக இருப்பார்கள். அவர்கள் விடுகிற மூச்சு சத்தம் தெருமுனை வரை கேட்கும். வாசலில் அடுப்பைப் போட்டுக்கொண்டு நாகம்மை உட்கார்ந்திருப்பாள். நெற்றியில் வெள்ளைத் திருநாமம், தலையில் முண்டாசாகக் கட்டிய துவர்த்துத் துண்டு, கையில் நீள அகப்பை. நிலக்கடலை, கொண்டைக்கடலை, ஒரு பிடி எள், இவைதான் அவள் சரக்கு. முந்தின நாளே ஊறப்போட்டு, ஆட்டுரலில் மையாக அரைத்து, துணியில் பாலாகப் பிழிந்து, மூன்று கொதி வரும்வரை காய்ச்சிக் கருப்பட்டியும் சுக்கும் சேர்ப்பாள். அவசரக்காரர் யாராவது ஒரு கொதியிலேயே டம்ளரை நீட்டினால் அகப்பையால் தட்டி விடுவாள். “பச்சப் பயறு வயித்துக்குள்ள போயி சண்ட போடும். தீயக் கண்டாத்தான் அடங்கும்.”

உடம்பின் பாகங்களுக்கு அவள் தனியாகப் பெயர் வைத்திருக்கிறாள். தோள் திரண்டால் அது நெத்துத் தேங்காய். கெண்டைக்கால் வாழைப்பூ. “ஒனக்க வாழப்பூவு இன்னும் விரியல்ல மக்கா” என்று அவள் சொல்லிவிட்டால், கேட்ட ஆள் மறுநாள் ஐம்பது பஸ்கி கூடுதலாகப் போடுவான். கொட்டகையை நடத்தும் சுயம்புவின் கணக்கைவிட அவளுடைய கண்ணளவைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். சுயம்புவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அவரும் தினமும் நாக்கை நீட்டுகிறவர்தான்.

ஆளுக்கு ஒரு டம்ளர், அதற்கு மேல் கிடையாது. ஆரம்பத்தில் இந்தக் கண்டிப்பு இல்லை. கடை போட்ட முதல் மாதம் கேட்டவருக்குக் கேட்டபடி ஊற்றினாள். சுயம்பு நான்கு டம்ளர் குடித்துவிட்டு வயிறு உப்பி, கர்லாக்கட்டையைத் தலைக்கு வைத்து மத்தியானம் வரை மல்லாந்து கிடந்தார். அன்றோடு ஒரு டம்ளர் என்று ஆயிற்று. ஏன் என்று கேட்டால் நாகம்மை விளக்கம் சொல்ல மாட்டாள். “சொன்னாக் கேளு” என்பாள், அவ்வளவுதான். அந்தச் சுருக்கமான பதில்தான் ஆறுமுகப்பெருமாளை மார்த்தாண்டம் சந்தைக்கு அனுப்பியது.

ஆறுமுகப்பெருமாள் தபால்காரர். வயது முப்பத்துநான்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால், பைதான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். ஆபீசில் அவருக்குக் ‘கவர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் வைக்காத கவர். அந்தப் பெயரைப் பொறுக்க முடியாமல்தான் கொட்டகைக்கு வந்தார். இரண்டு வருஷக் கசரத்திலும் தினம் ஒரு டம்ளர் பாலிலும் காக்கிச் சட்டையைத் தையல்காரரிடம் இரண்டு தடவை பிரித்துத் தைக்கக் கொடுக்க வேண்டி வந்தது. எதிலும் அவசரப்படாத மனிதர்தான். ஆனால் இந்த வருஷம், நவம்பரில் வரும் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் கொண்டாட்டத்துக்கு உடற்கட்டுப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீசைப் படித்த மறுநாள் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். நாகம்மை அகப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். பார்த்தும் அடுத்த ஆளின் நாக்கைப் பார்க்கத் திரும்பினாள்.

ஒரு மாதம் போயிற்று. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலை அவர் வந்து நின்றார்.

“என்னவாக்கும் மக்கா, மொகம் செத்துக் கெடக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“நாக்க நீட்டு.”

அவர் நீட்டவில்லை. பால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

கொட்டகைக்குள் நாகம்மை அதுவரை கால் வைத்ததில்லை. ஆண்கள் கோவணத்தோடு நிற்கிற இடம். அன்று அகப்பையும் கையுமாக நேரே உள்ளே நடந்தாள். நின்றவர்கள் கிடைத்த துண்டைப் பிடுங்கி இடுப்பில் சுற்றினார்கள். துண்டு கிடைக்காத இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பஸ்கி போட்டுக்கொண்டிருந்த ஆறுமுகப்பெருமாள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தார். சுயம்பு அவர் காலை உருவி விட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுக்குப் போனியா?” என்றாள் நாகம்மை. “என்ன நெறம்?”

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “தேயில வெள்ளம் மாதிரி இருக்குக்கா.”

செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் குடித்தால் தசை உப்பித் தொளதொளத்துப் போகுமாம். மார்த்தாண்டம் சந்தையில் மாவு டின் விற்றவன் சொன்னானாம்.

“என்ன மாவு?”

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெளிநாட்டு டின். ஒரு வேளைக்கு ஆறு கரண்டி, நாளுக்கு மூன்று வேளை. அது போக எட்டுப் பச்சை முட்டை. தண்ணீர் கிடையாது. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.

“பாவி மனுசா” என்றாள் நாகம்மை. “ஒரு டம்ளருதான்னு சொன்னேன். ஏன்னு சொல்லல்ல. எனக்க தப்பாக்கும். குடி.”

அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. குடித்தார்.

அடுப்பைச் சுயம்புவிடம் விட்டுவிட்டு, ஒரு வில்வண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வழியில் அவர் சொன்ன இடத்தில், வீட்டு நெல்லுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த டின்னையும் எடுத்துக்கொண்டாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். சிறுநீரகம் பாரம் தாங்காமல் முக்குகிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கட்டிலோடுதான் என்றார். மாவையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னார். பத்து நாள் கசரத்து கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். ஆறுமுகப்பெருமாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நாகம்மை மட்டும் கவனித்தாள்.

டின்னில் இருந்த எழுத்து டாக்டர் கண்ணுக்குப் பிடிபடாததால், அதை அந்தப் பக்கம் வந்த பிரசவ வார்டு நர்ஸ் ஞானபாயிடம் வாசிக்கக் கொடுத்தார். படத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை ஞானபாய் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். வாசித்துவிட்டு வராந்தாவுக்கு வந்து ஆறுமுகப்பெருமாளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

“பிள்ளைக்கு எத்தன மாசம்?”

“நாலு மாசம்” என்றார் அவர்.

“பால் நல்லா ஊறுதா?”

“அவளுக்குக் கொஞ்சம் குறவுதான்னு சொல்லுவா.”

“அவளுக்கு இல்ல. ஒமக்கு.”

அவர் விழித்தார். ஞானபாய் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “இது பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊறதுக்கு உள்ள மாவாக்கும் ஓய். நாளைக்கு ரெண்டே ரெண்டு கரண்டி, நல்லா வெள்ளம் சேத்துக் குடிக்கணும்னு போட்டிருக்கான்.”

நாகம்மை முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்திய கையையும் மீறிக்கொண்டு வந்துவிட்டது. கடைசியில் ஆறுமுகப்பெருமாளும் சிரித்தார். சிரித்தால் வயிறு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்.

வீட்டில் அவர் மனைவி கோமளவல்லி குழந்தையை இடுப்பில் வைத்தபடி முழுவதையும் கேட்டாள். நாகம்மை பக்கம் திரும்பி, “கேட்டேளா அக்கா, ஊற வேண்டியது இஞ்ச. ஊத்தினது அங்க” என்றாள். பிறகு டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மாவு கெட்டுப்போகவில்லை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாளுக்கு இரண்டு கரண்டி வீதம் அவளே குடித்தாள். இப்போது குழந்தைக்குக் கழுத்தில் இரண்டு மடிப்பு விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நாகம்மை விளக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். இரண்டாவது டம்ளர் கேட்கிறவரை அடுப்புப் பக்கம் உட்காரவைத்துவிடுகிறாள். “கேளு மக்கா. குடிச்சது தசையாகணும்னா ஒடம்புல வேல வேணும், ஒறக்கம் வேணும், வெள்ளம் வேணும். வீட்டுல சோறும் மீனும் கீரையும் வேற திங்குத. அதுக்கு மேல ஊத்துனா யாரு சொமக்கியது? ஒனக்க வயிறும் கிட்னியும் சொமக்கணும்.” கல்லடைப்பு வந்தவர்களிடம், டாக்டரைக் கேட்டுவிட்டு வா என்கிறாள். முன்பு ஒரு வார்த்தையில் முடிந்த இடத்தில் இப்போது கால் மணி நேரம் ஆகிறது. கேட்கிறவர்கள் களைத்துப்போய், ஒரு டம்ளரே போதும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

ஆறுமுகப்பெருமாள் பத்து நாள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மெதுவாகத் தண்டால் எடுக்கத் தொடங்கினார்.

போட்டி ஒரு சாயங்காலம் கொட்டாரம் மைதானத்தில் நடந்தது. போட்டியாளர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை நாகம்மை தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அருமனையிலிருந்து வந்த ரப்பர் பால் வெட்டும் நேசையன் மேடையில் முதுகை விரித்துக் காட்டியபோது கூட்டம் மூச்சு விடவில்லை. முதல் பரிசு அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து ஆறுமுகப்பெருமாள் எண்ணெய் மினுங்க வந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினார். தபால் ஆபீஸ்காரர்கள் கும்பலாக எழுந்தார்கள்.

“கவரு இல்லடே, பார்சலாக்கும்” என்றது ஒரு குரல். மைதானமே சிரித்தது. மேடையில் நின்றவரும் சிரித்ததில் நெஞ்சு ஒரு தடவை தளர்ந்து மறுபடியும் நிமிர்ந்தது. அவருக்கு மூன்றாவது பரிசு. ஒரு செவ்வாழைக் குலை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேடையில் நின்ற யாரும் அவ்வளவு சந்தோஷமாக இறங்கவில்லை. கோமளவல்லி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு நாகம்மை காலிப் பானையை எடுக்க மேடைக்குப் பின்னால் போனாள். போட்டியாளர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதற்காகச் சவரக் கடையிலிருந்து கொண்டுவந்த ஆள் உயரக் கண்ணாடி அங்கே மரத்தில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. பானையைக் கீழே வைத்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, நேசையன் நின்றது போலவே காலை அகட்டி நின்று வலது கையை மடக்கினாள். மேற்கையில் திரண்டு எழுந்ததை இடது கை விரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. நாகம்மை மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையையும் மடக்கினாள்.