பிரபாகர் சாருக்கு அன்று காய்ச்சல் இல்லை

காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் போனைப் பார்த்தால்... பிரபாகர் சார் போய்விட்டார்.

மராத்தி நாடகாசிரியர். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களையே ஒத்திகைக்குக் கூப்பிடுவார். அவர்கள் ‘இது பொய்’ என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுவார்.

எங்கள் கல்லூரியும் அஞ்சலி போட்டிருக்கிறது. “காய்ச்சலிலும் எங்கள் மாணவர்களை நேசித்தவர்.” கூச்சமே இல்லையா?

நான் பி.ஏ. கடைசி வருஷம் படித்தபோது நாடகப் பயிற்சிக்கு வந்தார். அவருடைய இங்கிலீஷைத் தமிழில் சொல்வது என் வேலை.

சீசன் நேரம். ஐந்தருவியில் நாங்கள் குளிக்க ஓடினோம். அவர் ஷாம்பு கவர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் போய் நின்றார். நாடகம் அவர்களைப் பற்றியதாக மாறியது.

அவர்களில் ஒருவர் பேச்சியம்மா அக்கா. ஒத்திகையில் அவர் வேஷத்தில் நான் அழுததைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

“ஏட்டி, நாங்க எப்போ இப்படி உக்காந்து அழுதோம்? அடுத்த வேன் வந்து நிக்கும். குப்பைய ஒங்க அப்பாவா வந்து அள்ளுவாவ?”

அப்பாவையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். அழுகைக் காட்சி அன்றே போனது.

நாடகத்தன்று அக்காவும் அவரோடு வேலை பார்த்த நான்கு பேரும் புதுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகத்தில் ஒருவர் வந்தார்.

“எந்திரிங்கம்மா, கெஸ்ட் வாராவ. பின்னால நின்னாலும் நல்லாத் தெரியும்.”

எழுந்து போனார்கள்.

சார் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். “அவர்கள் முன்னால் உட்காராமல் நாடகம் கிடையாது. இதை அப்படியே சொல்.”

நான் சொன்னது: “சாருக்குத் திடீர்னு காய்ச்சல். நாடகம் கேன்சல்.”

அவருக்குத் தமிழ் தெரியாது. கூட்டம் கலைவதைப் பார்த்து, நான் சொல்லிவிட்டதாக நினைத்துத் தோளில் தட்டினார். “பிரேவ் கேர்ள்.”

அந்தக் காய்ச்சலுக்குத்தான் இப்போது மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். கோபம் அவர்கள்மேல் மட்டும் என்று சொல்ல முடியவில்லை.

இப்போது அதே கல்லூரியில்தான் வேலை பார்க்கிறேன். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. நாளை இரங்கல் கூட்டம். காலையிலேயே பிரின்சிபால் போன்.

“நீங்கதான் சார்கூடப் பழகினவங்க. ரெண்டு நிமிஷம் நல்லதாப் பேசுங்க மேடம். முன்வரிசைக்கு கெஸ்ட் லிஸ்ட் போட்டாச்சு.”

சரி என்றேன். நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன்.

போய்வாருங்கள் சார்.

பேச்சியம்மா அக்கா வடகரையில் மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது நடக்க முடியாது. நாளை ஆட்டோவில் கூட்டி வந்து, முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவேன்.

வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. கல்லூரிக்காரர்கள் இந்தப் போஸ்ட்டிலேயே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.