போர்ச்சுகீசில் ஒரு கேள்வி

லிஸ்பனில் இருக்கும் என் போர்ச்சுகீசிய மருமகளை, சின்னமனூரிலிருந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அவள் உடனே துண்டித்துவிடுவாள்.

"ஒம் பொண்டாட்டிக்கு என்னையப் பிடிக்கலையாடா?" என்று மகனிடம் குமுறினேன்.

"அவ பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிற நேரம்மா அது. நேரமிருக்கான்னு ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியை அவள் மொழியில் அவனிடமே கற்றுக்கொண்டு, மறுநாள் "எஸ்தாஷ் லிவ்ர?" என்று குரல்பதிவு அனுப்பினேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "எனக்கு நேரம் இருக்கு. உங்களுக்கு நேரம் இருக்கா, அத்தை?" என்றாள்.

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இருக்கு ஆத்தா, சொல்லு" என்றேன்.