வலைப்பூவில் ஏற்றிய கல்வெட்டுகள்

புங்குடுதீவில் எங்கள் வாசிகசாலைக்கு நான் தலைவராகி நெடுங்காலம். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. நிர்வாக சபை கூடினால் பேச்சு முழுவதும் வெளிநாடு போன ஊர்க்காரரைக் குளிர்விப்பது பற்றித்தான். அவர்கள் தந்த அலுமாரிகளில் புத்தகங்களைவிடப் பெரிதாக அவர்களுடைய பெயர்கள் தெரிந்தன.

அங்கே உருப்படியாக நடந்த ஒரே வேலை நூலகர் நடத்திய வலைப்பூ. வேலை விண்ணப்பம், பரீட்சை அறிவித்தல், படகு ஓடாத நாள், புதிதாக வந்த புத்தகம் என்று காலையில் இரண்டு மூன்று வரிகளில் எழுதுவார். செய்தியோடையில் சேர்ந்தவர்களின் போனுக்கு அது தானாகவே போய்விடும். எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லாக் கல்வெட்டிலும் ஒரே ஆள்தான் செத்திருப்பார்: நல்ல கணவர், நல்ல தந்தை, கோயில் தொண்டர். இவற்றை வலைப்பூவில் ஏற்றினால் வெளிநாட்டுப் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று கல்வெட்டுக் கட்டு ஒன்றை நூலகரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"எல்லாத்தையும் இண்டைக்கே போடும்."

"ஐயா, கடைசியாப் போட்ட அஞ்சு பதிவுதான் சனத்தின்ர போனிலை தெரியும். தாதியர் பயிற்சி விண்ணப்பம் இப்பத்தான் போட்டனான். அது கீழை போயிடும்."

"செத்த சனத்தைக் காக்க வைக்கச் சொல்லுறீரோ?"

"அவைக்கு என்ன அவசரம் ஐயா? விண்ணப்பத்துக்கெல்லோ முடிவுத் திகதி இருக்கு."

பக்கத்தில் நின்ற செயலாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் கடவுச்சொல்லை வாங்கி நானே எல்லாவற்றையும் ஏற்றினேன். கனடாவிலிருந்து நன்றி வந்தது. பெருமைப்பட்டேன்.

இறுப்பிட்டியில் ஒரு பெண், படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்தபடி தையல் வேலை செய்தவள். தாதியர் பயிற்சிக்கு வயதெல்லைப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம். வீட்டைவிட்டு அசைய முடியாததால் செய்தியோடையையே நம்பியிருந்தாள். போனைத் திறந்தவளுக்குக் கிடைத்தவை மாலை போட்ட கிழவர்களின் முகங்கள். முடிவுத் திகதி போனபின் அவளுடைய மாமன் சபைக்கு வந்து கத்தினார். நூலகரின் கவனக்குறைவு என்று தீர்மானம் எழுதினோம். கையெழுத்து என்னுடையது. நூலகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டு ஊர்காவற்றுறைக்குப் போய்விட்டார்.

போன கிழமை அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் தையல் மெசினை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் ஐயா. வாசிகசாலை அக்கா அப்பிடிக் குப்பை கொட்டுற ஆளில்லை."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"பேசினா விண்ணப்பம் திரும்பி வருமோ? அது சரி, அக்காவிட்டைச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?"

அவள் இழந்ததை என்னால் திருப்பிக் கொடுக்க ஏலாது. அதனால்தான் அவளிடம் போவது எனக்குச் சுலபமாக இருந்தது. நூலகருக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க ஒன்று இருக்கிறது. அந்தத் தீர்மானம் பொய் என்று சபையில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி எழுத வேண்டும். வருகிற ஞாயிறு சபை கூடுகிறது. சுகமில்லை, வரமாட்டேன் என்று செயலாளரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். இன்று காலைவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.