உதட்டில் படித்த சொல்

தெய்வாத்தாளிடம் பேசுகிறவர்கள் வாயை மறைக்கக் கூடாது. தும்மலுக்காகக் கைக்குட்டையை எடுத்தாலும், "ஏனுங்க, மொகத்தைக் காட்டிச் சொல்லுங்க. காது நல்லாக் கேக்குதுங்க, பழக்கம் உடமாட்டேங்குது" என்பாள். சோமனூர்த் தறிக்குடோனில் முப்பத்தொரு வருட வேலை. இருபத்துநாலு தறி ஒன்றாக ஓடும் இடத்தில் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே வேலை செய்கிறவர்கள் உதடு பார்த்தே ஊர்க்கதை முழுவதையும் பேசிவிடுவார்கள்.

அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். வெற்றிலை போடமாட்டாள், வாய் அசைந்தால் எதிரில் இருப்பவர்கள் பேச்சென்று நினைத்துக்கொள்வார்களாம். வீட்டில் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, நாடகக்காரிகளின் வாயைப் பார்த்தே திட்டுவாள்.

அவளுக்கு எதிர்த் தறி ராமாமணியுடையது. இருபது வருடம் இருவரும் சத்தமில்லாமல் பேசிச் சிரித்ததில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. சீக்காய்க் கிடந்த புருஷன் தேறியபின் ராமாமணி ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பொட்டு போயிற்று, பூ போயிற்று, சிநேகிதம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய தறியையும் தெய்வாத்தாளே பார்த்துக்கொண்டாள். "எந்தச் சாமியா இருந்தா என்னங்க, அவ ஊட்டுக்காரன் எந்திரிச்சு நடந்தானல்ல" என்பாள்.

ஒரு வருடம் மாரியம்மன் நோம்பி, ஊரே கொண்டாடும் திருவிழா. விடியற்காலையில் மாவிடித்து, கோயிலில் விளக்கேற்றிப் படைத்து, அந்த மாவிளக்கு மாவைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து எதிர்த் தறிக்கு நீட்டினாள். ராமாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. "பழசு வேண்டாங்க்கா" என்று தெய்வாத்தாள் படித்தாள்.

அன்றைக்கு இடித்த மாவு! போசியை மூடிக்கொண்டு திரும்பியவள், மறுநாளே கடைசித் தறிக்கு மாறிவிட்டாள். "வேதக்காரியானதும் நானிடிச்ச மாவு பழசாப் போச்சுங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ராமாமணியோ, மதம் மாறியதால் அக்கா தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டுத் தொலைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. இரண்டு சாமிக்கும் ஒத்துக்கொள்ளாது என்று ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்கு முடிவுகட்டினார்கள். ஆறு வருடம் ஓடிவிட்டது.

போன தை மாதம் ராமாமணி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். தெய்வாத்தாள் தெருமுனை வரைக்கும் வந்தாள். அந்த வீட்டிலிருந்து பாட்டும் ஜெபமும் கேட்டன. உள்ளே போய் எப்படிக் கும்பிடுவது, வாய்விட்டு அழலாமா கூடாதா, ஒன்றும் தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பினாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

பத்து நாள் கழித்து ராமாமணியின் மகள் மதிவதனி அவளைத் தேடி வந்தாள். "எங்கம்மா கூட ஏனுங்க பெரீம்மா பேசாமயே இருந்துட்டீங்க?"

ஆறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. தெய்வாத்தாள் அந்தப் 'பழசை'ச் சொன்னாள். பெண் திகைத்துப்போனாள்.

"அய்யோ பெரீம்மா! 'படைச்சது வேண்டாங்க்கா'ன்னு சொன்னேன்னுதானுங்க அம்மா எங்கிட்டச் சொன்னாங்க. சாமிக்குப் படைச்சதை நாங்க திங்கறதில்லீங்க. படைக்கறதுக்கு முந்தி ஒரு கை எடுத்து வெச்சாத் திம்பேன்னு அடுத்த நோம்பிக்குச் சொல்லோணும்னு இருந்தாங்க. நீங்க மொகமே குடுக்கலியே."

தெய்வாத்தாள் அவளை இழுத்துத் தனக்கு நேர் எதிரில் உட்காரவைத்தாள்.

"உங்கம்மா சொன்னாளே, அதைச் சத்தமில்லாம ஒருக்கா சொல்லு கண்ணு."

மதிவதனியின் உதடுகள் மட்டும் அசைந்தன. தெய்வாத்தாள் கையை நீட்டி, நூல் இழுத்துக் காய்த்த விரலால் அந்த உதடுகளைத் தொட்டாள்.

"இன்னொருக்கா" என்றாள்.