ஆறு குடும்பமும் என் மாமியார் வீடும்

இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் என் பேர் எழுதின லாரி பதினொன்று ஓடுகிறது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. லாரிக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் மெட்ராஸ் ஆபீசில் டிரைவர் வேலை பார்த்தேன். அங்கிருந்து தில்லிக்குப் போன சர்க்கார் கடுதாசியில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. அந்த வரி எப்படி ஏறியது என்று எழுதுகிறேன். பெருமைக்காக மட்டும் இல்லை.

1. விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது

எழுபத்தொன்று சண்டை. குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து ஹெட்லைட்டின் மேல் பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து வண்டி ஓட்டிய காலம். வெளிநாட்டு அதிகாரிகளின் குடும்பங்களை உடனே அவர்கள் நாட்டுக்கு அனுப்பச் சொல்லி தில்லியிலிருந்து தந்தி வந்தது. ஆறு குடும்பத்தையும் மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டவன் நான். ஒரு பெட்டி தவறவில்லை.

என் தொரை வணிக அதிகாரி. அவர் நாட்டு மெஷின் வைத்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபாக்டரி எழும்பிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போவோம். தமிழ் கற்றவர், பாடப் புத்தகம் மாதிரி பேசுவார். மனைவியையும் ஐந்து வயசு மகளையும் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வாயே திறக்கவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

"நான் ஊட்டுக்காரிய போன வாரமே அனுப்சிட்டேன் தொரை. உங்களுக்குத் தந்தி வந்துதான் தெரிஞ்சுது. எனக்கு மூக்குலயே வாசன வந்துடுச்சு."

அனுப்பினது நிஜம். ஆனால் அவள் போனது தலைப்பிரசவத்துக்கு. வளைகாப்பு முடிந்து மாமியார் நாயுடுபேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

2. வாராந்தர ரிப்போர்ட்

சண்டை சீக்கிரம் நின்றது. குடும்பங்கள் எப்போது திரும்பலாம் என்று ஒவ்வொரு ஊர் ஆபீசும் தில்லிக்கு வாராவாரம் எழுத வேண்டும். மெட்ராஸுக்கு அந்தப் பொறுப்பு என் தொரை தலையில். பேப்பரை நம்ப மாட்டார். பால் வருகிறதா, பெட்ரோல் பங்க்கில் கியூ உண்டா, பள்ளிக்கூடம் திறந்ததா, டிரங்க் கால் கிடைக்கிறதா, எல்லாம் நேரில் பார்ப்பார். கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டில் மிலிட்டரி வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று என்னைக் கேட்பார். கல்கத்தா லாரிக்காரர்கள் ஹெட்லைட் பெயிண்டைச் சுரண்டிவிட்டதை முதலில் பார்த்துச் சொன்னது நான்தான். எழுதிக்கொண்டார்.

சோழவரம் தாண்டும்போது கடைசியாக ஒரே கேள்வி. "உங்கள் மனைவி திரும்பி வந்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லீங்க தொரை."

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஜனவரியில் எனக்குக் குழந்தை பிறந்தது. ஆபீசில் ஒருத்தருக்கும் கல்கண்டு கொடுக்கவில்லை. கொடுத்தால் மூக்குக் கதை கிழிந்துபோகும்.

தொரையின் மகள் வாராவாரம் படம் வரைந்து அனுப்புவாள். வண்டியில் ஏறினதும் அதை மடியில் விரித்துக்கொள்வார். மார்ச்சில் படம் வருவது நின்றுபோனது. அவர் வெறும் மடியோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

3. மாமியார் கையில் சாவி

ஒரு நாள் ஆபீஸ் ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, ஆறு ஊட்டையும் பூட்டி சாவிய உன் மாமியா கையில குட்த்துட்டியாமே?"

எனக்கு விளங்கவில்லை. ரிப்போர்ட் நகலை எடுத்துத் தமிழில் சொன்னார். பால் சரி, பெட்ரோல் சரி, பள்ளி சரி. கடைசி வரி: நிலைமையை நன்றாக அறிந்த எங்கள் டிரைவர் தன் குடும்பத்தை இன்னும் அழைத்து வரவில்லை, ஆகவே காத்திருப்பது நல்லது. எட்டு வாரமாக அதே வரி.

எனக்குத் தோன்றின முதல் யோசனை, பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவது. ஞாயிற்றுக்கிழமை நாயுடுபேட்டைக்கு பஸ் ஏறினேன். அஞ்சாம் மாசத்துக்கு முன்னால் பச்சைப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றாள். விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் வாயால ஒரு பொண்ணு அப்பன பாக்காம கீது. இப்ப என் பொண்ண அலக்கழிக்கணுமா? போயி அதே வாயால சொல்லிட்டு வா."

4. ரயில்வே கேட்

மறுநாள் கும்மிடிப்பூண்டி கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். திரும்பாமலே சொன்னேன்.

"தொரை, அவ பயந்துகினு போவல. பிரசவத்துக்குப் போனா. எங்க பக்கம் மொத புள்ள அம்மா ஊட்லதான். அஞ்சு மாசம் கழிச்சுதான் வருவா. நான் சும்மா பீத்திக்கினேன்."

கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டி வரை போனது. கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வேலை போனது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

"குழந்தை பெண்ணா, ஆணா?"

"பொண்ணு தொரை."

"நல்லது. வண்டியை எடுங்கள்."

அன்றைக்கே அந்த வரி இல்லாமல் ரிப்போர்ட் போனது. ஏப்ரலில் ஆறு குடும்பமும் வந்து இறங்கின. தொரை முட்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினார். மகள் அம்மாவின் கவுனைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். வீடு போகும் வரை வண்டியில் அப்பா பக்கம் வராமல் அம்மாவுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் விழுந்த அந்தத் தூரத்தில் எட்டு வாரம் நான் போட்டது. தொரை அதற்கு என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பீத்திக்கொள்வதை நான் விட்டுவிடவில்லை, முதல் வரியைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் என் பேச்சை வைத்து ஒருத்தர் முடிவெடுக்கப் போகிறார் என்று தெரிந்தால், எனக்கு எது தெரியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமை பிறகு.